மிருதங்கத்துக்கு ஒரு பிடி ரவை

“ஜாசின், ஜாசின்! கடைசி ஆள் ஏறிக்க. மெர்லிமாவ் பஸ் பின்னால நிக்குது. வர்ற மாசம் ரெண்டாவது ஞாயிறு மத்தியானம், தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஹால்ல கமலவேணி அம்மா பாட்டு, ராமையா வயலின். கோழிக்கூடைய மேல ஏத்து லா, உள்ள வைக்காத.”

பஸ் கிளம்பும் செய்தியையும் கச்சேரிச் செய்தியையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் மலாக்காவில் நல்லமுத்து ஒருவர்தான். பஸ் நிலையத்துக் கூரையடியில் நின்று, வாயருகே இரு கைகளையும் குவித்துக்கொண்டு அவர் கத்தினால், உம்பாயிலிருந்து மீன் கூடையோடு வந்திறங்கும் மலாய்க்கார அம்மாவுக்குக்கூட வரப்போவது யார் பாட்டு என்று தெரிந்துவிடும். ஆனால் இந்த முறை செய்தி வயலினோடு நின்றுவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவர், “மிருதங்கம் யாருண்ணே?” என்று கேட்டார். நல்லமுத்துவுக்கு அந்த நேரம் பார்த்து அலோர் காஜா பஸ்ஸின் பின் சக்கரத்தில் காற்று குறைவாகத் தெரிந்தது. அதை உதைத்துப் பார்க்க ஓடிவிட்டார்.

ஒல்லியான மனிதர். காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை ஏறிய வெள்ளைக் காலுறை, சட்டைப் பையில் இரண்டு பென்சில். கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறமாகக் கட்டியிருப்பார். பேசிக்கொண்டே எதிராளிக்குத் தெரியாமல் மணி பார்க்கலாம் என்று எண்ணம்; எல்லோருக்கும் தெரியும். எப்போது பார்த்தாலும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் மாதிரிதான் நிற்பார். நிலையத்துக் கடையில் தேநீர் சொல்வார், பாதி குடிப்பார், ஒரு பஸ்ஸை அனுப்பிவிட்டு வந்து ஆறிப்போன மீதியைக் குடிப்பார். சாமி கும்பிடும்போது ஒரு கண்ணை மட்டும் மூடுகிற மனுசன் என்று அவர் மனைவி மாரியம்மா சொல்வதை நான் நம்புகிறேன்.

ஒரு சீன முதலாளியின் பஸ் கம்பெனியில் அவர் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எது இன்னும் வந்து சேரவில்லை, எந்த டிரைவர் வாய் நிறைய வெற்றிலையோடு நேரம் கடத்துகிறான் என்பதெல்லாம் அவர் பாடு. ஜப்பான்காரன் சண்டை முடிந்த மறு வருஷம் தொடங்கிய எங்கள் சங்கீத சபைக்குச் செயலாளரும் அவரே. சபைக்குத் தலைவர் ஒருவர் உண்டு. மாலை போட வருவார். நாற்காலி இரவல் வாங்குவது, ஜமுக்காளம் உதறிப் போடுவது, கூட்டம் கூடப் போலீசில் அனுமதி வாங்குவது, பாடுகிறவர்களுக்கு வெந்நீர் வைப்பது எல்லாம் நல்லமுத்துவின் தலையில். அவரிடம் பாட்டு கிடையாது. ஒரே ஒரு முறை கோயில் பஜனையில் வாய் திறந்தாராம். பூசாரி திரும்பிப் பார்த்து, எந்த ஊர் பஸ் கிளம்புகிறது என்று கேட்டாராம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

கச்சேரியையும் அவர் ஒரு பஸ் மாதிரிதான் நடத்துவார். வர்ணம் முடியும்போது ஜாசின் வண்டி எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. ஆஸ்பத்திரியில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி கமலவேணி அம்மாள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருபவர், கறாரானவர். அவரிடமே போய், “அம்மா, இந்த ராகத்த மட்டும் கொஞ்சம் எக்ஸ்பிரஸா விட்டுருங்க” என்று கேட்டவர் இவர். அந்த அம்மாள் கோபிப்பதா சிரிப்பதா என்று தெரியாமல் தம்பூராவைத் துணியால் மூடி வைத்துவிட்டார்.

இந்தப் பரபரப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை மூண்டு அவசரகாலம் வந்ததிலிருந்து எங்கள் சபையின் கச்சேரி மத்தியானச் சோற்றுக்கும் மாலைத் தேநீருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுவிட்டது. ரப்பர் தோட்டத்து ஜனங்களைக் கம்பி வேலிக்குள் கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அவர்கள் கேட்டுக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு சாலையில் தலை தெரிந்தால் முதலில் சுடுவார்கள், பிறகுதான் பெயர் கேட்பார்கள். அதனால் சாயங்காலத்து ராகமான கல்யாணியை உச்சி வெயிலில் பாட வேண்டியிருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். “ராகத்துக்கு ஊரடங்கு கெடயாதுண்ணே, நமக்குத்தான்” என்று சொல்லிவிட்டு நல்லமுத்து ஜமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜாசினுக்கு அப்பால் காட்டு ஆட்கள் ஒரு பஸ்ஸை மறித்து, ஆட்களை இறக்கிவிட்டுக் கொளுத்தினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. கண்டக்டருக்குத்தான் அடி. அன்று யாரோ ஒருவர் சந்தையிலிருந்து ஓடி வருகிறார் என்று அந்த பஸ் தாமதமாகக் கிளம்பியது. நிறுத்தி வைத்தவர் நல்லமுத்து. அதைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு யாருக்காகவும் அவர் எந்த பஸ்ஸையும் நிறுத்தி வைத்ததில்லை, பெற்ற தாய் ஓடி வந்தாலும் அடுத்த பஸ்தான் என்பார்.

நான் சின்ன அச்சாபீஸ் வைத்திருக்கிறேன். சபையின் நோட்டீஸ் அடிப்பது நான்தான். மற்றக் கச்சேரிகளுக்கெல்லாம் இந்த மனிதர் ஒரு நாளில் மூன்று தடவை வந்து, மையின் ஈரம் காய்வதற்குள் தாளை உருவுவார். இந்த முறை நோட்டீஸ் வேண்டும் என்றும் சொன்னார், அடிக்க வேண்டாம் என்றும் சொன்னார். பாட்டு, வயலின் எல்லாம் எழுத்துக் கோத்தாகிவிட்டது. மிருதங்கம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தது. அந்தக் காலி இடத்துக்கு உரியவன் லிண்டோங் தோட்டத்துக் கந்தசாமி. அவன் வர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான்.

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. தை மாதத்துக் கச்சேரியில் கமலவேணி அம்மாள் பெரிய உருப்படியைக் கொஞ்சம் நீட்டிவிட்டார். பிறகு பாட்டும் வயலினும் ஓய்ந்து, கந்தசாமியின் தனி ஆவர்த்தனம் தொடங்கியது. விடிவதற்கு முன் எழுந்து ரப்பர் பாலுக்காக மரம் வெட்டுகிற அந்தக் கை, மிருதங்கத்தில் அப்படிப் பேசும். அவன் தோட்டத்து ஜனங்கள் லாரியில் வந்து முன் வரிசைத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாசிப்பு ஏறிக்கொண்டே போனது. வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். நல்லமுத்து வாசலுக்கும் மேடைக்கும் நடந்தார், கை காட்டினார், கனைத்தார். கந்தசாமி கண்ணை மூடியிருந்தான். கடைசியில் மேடை ஏறி அவன் தோளைத் தொட்டுவிட்டார்.

தனி வாசிக்கிறவனை அப்படி யாரும் தொடுவதில்லை. கந்தசாமி வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானம்கூட வைக்கவில்லை. அந்த இடத்திலேயே கையை எடுத்து, மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டு லாரியில் ஏறிவிட்டான். லாரி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, கேட் மூடுவதற்குள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நல்லமுத்து செய்தது சரிதான் என்று ஊரே சொன்னது. அப்படிச் சொல்லச் சொல்ல அவர் முகம் சின்னதாகிக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.

வேறு ஆள் தேடாமல் இல்லை. சிரம்பானில் இருந்த மிருதங்கக்காரருக்கு அன்றைக்கு வேறு இடத்தில் கல்யாணக் கச்சேரி. ஊரில் பஜனைக்கு வாசிக்கிற ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போனார். கமலவேணி அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தம்பி பஜனைக்கே வாசிக்கட்டும் என்றார். மிருதங்கம் இல்லாமல் உட்காரலாமா என்று இவர் மெல்ல இழுத்தபோது, “நான் என்ன தாலாட்டா பாடப் போறேன்? கந்தசாமி வந்தா கச்சேரி. இல்லன்னா ஹால் சாவிய வாத்தியார்கிட்ட குடுத்துடுங்க” என்று முடித்துவிட்டார்.

நல்லமுத்து ஜாசின் வழி ஓட்டும் டிரைவர் ஹனீஃபிடம் சொல்லி அனுப்பினார். ஹனீஃப் அந்தத் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தி விஷயத்தைச் சேர்த்துவிட்டு, பதிலையும் அப்படியே கொண்டுவந்தான்: “பஸ்ல சொல்லி அனுப்பினா வர்றதுக்கு நான் என்ன பார்சலா?” அதைக் கேட்ட நல்லமுத்து அடுத்த பஸ்ஸுக்குக் கூவ மறந்து நின்றார். நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். கச்சேரி நின்றுபோகும் என்ற கவலை மட்டும் இல்லை அது. சபை தொடங்கிய காலத்தில், பஸ்ஸின் மேலே கூரையில் அந்த மிருதங்கத்தைக் கட்டி, அது உருளாமல் இருக்கக் கூடவே ஏறி உட்கார்ந்து வந்தவர்கள் இவர்கள் இரண்டு பேரும். போனது பக்கவாத்தியம் இல்லை, சினேகிதன்.

மறுநாளே, “அண்ணே, சட்டைய மாத்துங்க. நேர்ல போய் அழைச்சிருவோம். ஒத்த ஆளா போகக்கூடாது, நீங்களும் வரணும்” என்று அச்சாபீஸ் வாசலில் நின்றார். எங்கள் சபையில் வித்துவான்களை அழைக்கும் முறை கல்யாணத்துக்கு அழைப்பது போலத்தான். தட்டில் வெற்றிலை, பாக்கு, சந்தனம், குங்குமம் வைத்து, இரண்டு பேராகப் போய்ச் சொல்ல வேண்டும். மிருதங்கக்காரருக்கு மட்டும் தட்டில் கூடுதலாக ஒரு காகிதப் பொட்டலத்தில் ஒரு பிடி ரவை இருக்கும். மிருதங்கத்தின் இடது பக்கத்துத் தோலில் ரவையைக் குழைத்து அப்பினால்தானே அது வாய் திறந்து பேசும்? அந்தச் செலவு சபையுடையது, உன் வாத்தியம் எங்கள் பொறுப்பு என்று சொல்கிற மரியாதை அது. நல்லமுத்துவே ஏற்படுத்திய வழக்கம்.

அந்த வழக்கம்தான் எங்களை மாட்டிவிட்டது. போன வருஷம் கடலோரப் பக்கத்தைக் காட்டு ஆட்கள் தொல்லை ஓய்ந்த வெள்ளைப் பகுதி என்று அறிவித்ததிலிருந்து டவுனில் கெடுபிடி தளர்ந்துவிட்டது. அரிசியோ சர்க்கரையோ கடையில் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். லிண்டோங் தோட்டமோ உள்ளே, இன்னும் கறுப்புப் பகுதி. அங்கே அனுமதிச் சீட்டில்லாமல் ஒரு பிடி அரிசியை எடுத்துப் போனாலும், காட்டில் இருப்பவனுக்குச் சோறு போடப் போகிறாய் என்று வழக்கு. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் தட்டில் இருந்த ரவை தின்கிற பொருள் என்பது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் ஏறவே இல்லை. சந்தனம் மாதிரி, குங்குமம் மாதிரி அதுவும் ஒன்று என்றே உட்கார்ந்திருந்தோம்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தோட்டத்துக் கேட்டில் நின்ற இளம் மலாய்க் காவலன் எங்கள் அடையாள அட்டையைப் பார்த்தான், தட்டின் மேல் துணியை விலக்கினான், பொட்டலத்தைப் பிரித்தான். அவன் முகம் மாறியது. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். சார்ஜன்ட் வந்தார், நரைத்த மீசைக்காரர். இது என்ன மாவு, யாருக்கு என்று கேட்டார். நல்லமுத்து சந்தையில் பேசுகிற, தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், மேளத்துக்கு என்றார்.

“கெண்டாங் மாக்கான்?” என்றார் சார்ஜன்ட். மேளம் சாப்பிடுமா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. நல்லமுத்து இடது தொடையைத் தட்டினார், விரலால் குழைத்துக் காட்டினார், தொம் தொம் என்று வாயால் சொன்னார். சொல்லச் சொல்ல எங்கள் கதை இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. நடக்காதே, ஓர் இடத்தில் நில் என்று காவலன் அவரை இரண்டு தடவை அதட்டினான். வேலிக்கு அந்தப் பக்கம் குழாயடியில் வாளியோடு நின்ற பெண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சார்ஜன்ட் நல்ல மனிதராக இருக்க வேண்டும். அப்படி ஒரு மேளக்காரன் உள்ளே உண்டு என்றால் அவனையும் மேளத்தையும் கொண்டுவந்து என் கண் முன்னால் செய்து காட்டட்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு என்றார். ஆள் அனுப்பினார்கள். கேட்டுக்கு வெளியே கிடந்த பலகையில் எங்களை உட்கார வைத்தார்கள். கடைசி பஸ் எப்போது வரும் என்று அந்தக் காவலனுக்கும் தெரிந்திருந்தது. அதைத் தவறவிட்டால் விடியும் வரை இந்தக் காவல் கொட்டகையில்தான், காலையில் ஜாசின் ஸ்டேஷனுக்குப் போய் விளக்கம் சொல்ல வேண்டும் என்று எச்சரித்தான். நான் வீட்டில் சொல்லிவிட்டு வரவில்லை.

கந்தசாமி மிருதங்கத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். மரம் வெட்டும் உடுப்பைக்கூட மாற்றவில்லை, கால்சட்டையில் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது. எங்களைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், பொட்டலத்தைப் பார்த்தான். இது உனக்குத்தானா, நீ கேட்டாயா என்று சார்ஜன்ட் கேட்டார். நான் கேட்கவில்லை என்று கந்தசாமி ஒரு சொல் சொன்னால் போதும், நாங்கள் ஸ்டேஷனுக்குத்தான். அது பொய்யும் இல்லை. நல்லமுத்து பலகையிலிருந்து எழவில்லை, கெஞ்சவும் இல்லை. வேலிக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எனக்குத்தான். சபையில எப்பவும் குடுக்குறதுதான்” என்றான் கந்தசாமி, முதலில் தமிழில், பிறகு மலாயில்.

கேட்டுக்கு உட்புறம் சாக்கை விரித்து உட்கார்ந்தான். யாரோ ஒரு பெண் வாளித் தண்ணீரில் கொஞ்சம் சிரட்டையில் முகந்து தந்தாள். ரவையை நனைத்து உள்ளங்கையில் பிசைந்து, இடது தோலின் நடுவில் அப்பி, விரலால் வட்டமாக வழித்தான். காவலன் குனிந்து பார்த்தான். கந்தசாமி தலை நிமிராமல் அந்த வேலையையே செய்துகொண்டிருந்தபோது நல்லமுத்து பேசினார்.

“தம்பி, லாரிய அனுப்பினது தப்பில்ல. இன்னொரு தரம் அப்படி வந்தாலும் அனுப்பத்தான் செய்வேன். ஆனா ஒந்தோளத் தொட்டிருக்கக் கூடாது. முன்னாலயே ரெண்டு பாட்ட நிறுத்தி ஒனக்கு நேரம் வச்சிருக்கணும். கை ஓடிக்கிட்டு இருக்கிறவன எவனாச்சும் தொடுவானா? நான் தொட்டுட்டேன்.”

கந்தசாமி ஓரத்தில் ஒட்டியிருந்த ரவையை வழித்து எடுத்தான். “முன்னால உக்காந்திருந்தவங்க பூரா எங்க லயத்து வீட்டு ஆளுங்கண்ணே. காலையில அவங்களோடதான் நான் மரம் வெட்டப் போவணும்” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பிறகு இடது பக்கத்தை ஒரு தடவை தட்டினான். அந்தக் கும்மென்ற ஒலி கேட்டதும் சார்ஜன்ட் புருவத்தை உயர்த்தினார். வலது பக்கம் நாலு சொல் வாசித்தான். சார்ஜன்ட் சிரித்துவிட்டார். போதும், மேளம் சாப்பிட்டுவிட்டது, நீங்கள் போகலாம் என்று கையை உதறினார். காவலன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டான். நான் துணியை உதறித் தட்டை மூடப் போனேன்.

கந்தசாமி மிருதங்கத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. “அன்னிக்கு நிறுத்தின எடத்துல இருந்து எடுக்கிறேன்” என்றான். “தாளம் யாரு போடறது?”

அவன் நல்லமுத்துவைப் பார்த்தான். “டைம்கீப்பரே, நீங்க போடுங்க. தாளம் போடறவரு நடுவுல எந்திரிச்சிட்டா நானும் கைய எடுத்துடுவேன். அப்புறம் எந்த ஞாயித்துக்கெழமைக்கும் என்னைக் கேக்கக் கூடாது.”

நல்லமுத்து சாலைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். ரப்பர் மரங்களின் நிழல் சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தது. “போடறேன் தம்பி” என்றார். பலகையில் சரியாக நகர்ந்து உட்கார்ந்து, வலது தொடையில் முதல் அடி அடித்தார். பாடத் தெரியாத அந்த மனிதருக்குத் தாளம் இரும்பு மாதிரி நின்றது.

கந்தசாமி அவசரப்படவில்லை. முதலில் இரண்டு ஆவர்த்தனம் தடவிப் பார்த்தான். பிறகு சொற்கள் நெருங்க ஆரம்பித்தன. குழாயடிப் பெண்கள் வாளியைக் கீழே வைத்தார்கள். வரிசையாக நின்ற லயத்து வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். அன்று முன் வரிசையில் உட்கார்ந்து, பாதியில் எழுந்து போன அதே முகங்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் கூட்டமாக நின்று, தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்கள். சார்ஜன்ட் கொட்டகைத் தூணில் சாய்ந்தபடி ஒரு சுருட்டைப் பற்றவைத்தார்.

தூரத்தில் பஸ் சத்தம் கேட்டது. நல்லமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் கை தடுமாறவில்லை, தாளத்தில்தான் இருந்தது. கந்தசாமி அப்போதுதான் தீர்மானத்துக்குப் படி ஏறிக்கொண்டிருந்தான். இன்னும் தூரம் இருந்தது. பஸ் வளைவில் திரும்பி எங்களுக்கு நேரே வந்து நின்றது. ஓட்டி வந்தது ஹனீஃப்.

“முத்தண்ணே, ஏறுங்க. இதான் கடைசி” என்றான். நான் எழுந்தேன். கந்தசாமி கண்ணைத் திறந்து நல்லமுத்துவின் முழங்காலைப் பார்த்தான், அது எழப் போகிறதா என்று. ஹனீஃப் ஹாரன் அடித்தான். ஜன்னல்களில் தலைகள் நீண்டன, ஒரு கைக்குழந்தை அழுதது. எல்லோரும் இருட்டுக்குள் போய்ச் சேர வேண்டியவர்கள். ஆனால் தன் டைம்கீப்பரை நடுக்காட்டில் விட்டுவிட்டுக் கிளம்ப ஹனீஃபுக்கு மனம் வரவில்லை. எஞ்சினை அணைக்காமல் அப்படியே நின்றான். இவர் உட்கார்ந்திருக்கும் வரை அந்த வண்டி நகராது என்று எனக்குப் புரிந்தது. நான் அவர் பக்கம் குனிந்தேன், தோளைத் தொடக் கை போனது, இழுத்துக்கொண்டேன்.

நல்லமுத்து திரும்பவில்லை. அவர் கண் கந்தசாமியின் விரல்களில் இருந்தது. வலது கை தொடையில் தாளம் பிசகாமல் போய்க்கொண்டிருக்க, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஹனீஃபைப் போகச் சொல்லி அசைத்தார்.